சைலன்சரின் சத்தம் மட்டுமா குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களோடு ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் பொலிஸார் 2025ஆம் ஆண்டு முதல் மும்முரமாகப் பிடித்து வருவது நல்ல காரியம். ஆனால் அந்த நடவடிக்கை சத்தத்தோடு நின்றுவிடுகிறது. அதே குழாய் ஆளைச் சுடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம் 600 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடியது. என்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் குழாய், சிறிது நேரம் ஓடினாலே 200 பாகைக்கு மேல் ஏறிவிடும். பின்னாலுள்ள சைலன்சரின் சூடு அதைவிடக் குறைவுதான். என்றாலும், 70 பாகைச் சூடுள்ள உலோகம் ஏறக்குறைய ஒரே வினாடியில் தோலைப் புண்ணாக்கப் போதும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் சைலன்சரின் மேல் ஒரு தகட்டு மூடியைத் திருகாணியால் பொருத்துகிறார்கள். மூடிக்கும் குழாய்க்கும் நடுவே விடப்படும் அந்தச் சின்னக் காற்றிடைவெளிதான் காலைக் காப்பாற்றுகிறது. சத்தத்துக்காகக் குழாயை மாற்றும்போது அந்த மூடியும் போய்விடுகிறது. வெறும் உலோகம் வெளியே நிற்கிறது.

ஓட்டுபவர் கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சுடுபடுவது பெரும்பாலும் ஓட்டுபவர் அல்லவே! கிரேக்கத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், இத்தகைய தீக்காயங்கள் சிறுவர்களிடையேதான் மிக அதிகம் என்றும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, குழாய் இருக்கும் வலப்பக்கக் காலிலேயே ஏற்படுகின்றன என்றும் தெரியவந்தது. இங்கும் அநேகமான மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் குழாய் வலப்பக்கம்தான். கொம்பனித்தெருவில் மலே வீதியையும் கியூ வீதியையும் ஒட்டிய ஒழுங்கைகளில் வாசலுக்கும் வண்டிக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடமிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது, அரைக்காற்சட்டை போட்ட பிள்ளை அவற்றின் நடுவாலேதான் நடக்க வேண்டும். நிறுத்திய வண்டியில் காற்றோட்டம் இல்லாததால் குழாய் உடனே ஆறுவதுமில்லை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை; தொட்ட பிறகுதான் சூடு தெரியும்.

மூடியைக் கட்டாயமாக்கினால் அது உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களின் தலையில் இன்னொரு செலவா என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் நாள் முழுக்கச் சூடான குழாயின் பக்கத்திலேயே ஏறி இறங்குபவர்கள் என்பதால், இந்தப் பாதுகாப்பு முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும். மூடி ஒரு துண்டுத் தகடுதான். அதற்காகச் சைலன்சரையே புதிதாக வாங்க வேண்டியதில்லை. சோதிப்பதற்கென்று புதிய அலுவலகமும் தேவையில்லை. 2008 முதல் நடைமுறையிலிருக்கும் வருடாந்தப் புகைப் பரிசோதனையில், குழாயின் வாயிலேயே கருவியைச் செருகிப் பார்க்கிறார்கள். அச்சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கருவியைச் செருகும் அதே நேரத்தில் மூடி இருக்கிறதா, ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் பிடிக்குமா? மூடியில்லாத வண்டிக்குச் சான்றிதழ் வழங்கக் கூடாது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அறிவிக்க வேண்டும். அதுவரை, சத்தத்துக்காக வண்டியை மறிக்கும் பொலிஸார் மூடியையும் சேர்த்துப் பொருத்திக்கொண்டு வரும்படி பணிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கொம்பனித்தெரு, கொழும்பு 2.