நட்சத்திரம் ஒன்றா, இரண்டா? குடுமியான்மலையில் கேளுங்கள்!

"மார்க்டவுன் இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு?" கணினி படிக்கிற பிள்ளைகள் பலர் கேட்கும் கேள்வி இது. சாதாரண எழுத்துக்கு நடுவே *, #, _ என்று சின்னச் சின்னக் குறிகளைப் போட்டு 'இது தலைப்பு, இது தடித்த எழுத்து' என்று சொல்லும் முறைகளில் இன்று மார்க்டவுன்தான் ராஜா. செட்டெக்ஸ்ட், டெக்ஸ்டைல், கிரியோல்... இதெல்லாம் செத்த பாம்பு, அவற்றின் விதிகளைக் காப்பாற்றி வைப்பது வெட்டி வேலை என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய, புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் போதும்.

குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதிகள். படமில்லை, கோடில்லை, வெறும் எழுத்துதான். ஸ்வரத்தின் பெயரோடு அ, இ, உ, எ என்ற நான்கு உயிர்களில் ஒன்றைச் சேர்த்து ர, ரி, ரு, ரெ என்று வெட்டியிருக்கிறார்கள். சில எழுத்துகளின் மேல் புள்ளி வேறு. எழுத்தையே குறியாக்கிக் கூடுதல் சேதி சொல்லும் அதே வேலை! ருத்ராசாரியரின் சீடனான அரசன் ஒருவன் மாணவர் நன்மைக்காகச் செய்தது இது என்று கல்வெட்டே சொல்கிறது.

கல் பத்திரமாக இருக்கிறது. எழுத்தும் படிக்க முடிகிறது. பண்டார்கர் அதை 'எபிகிராபியா இண்டிகா' 12ஆம் தொகுதியில் பதிப்பித்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் அந்த நான்கு உயிர்களுக்கு என்ன பொருள்? சுருதி வித்தியாசம் என்பார் ஒருவர், வீணையை மீட்டும் முறை என்பார் இன்னொருவர். புள்ளிக்கும் இதே கதிதான். விதியைப் பக்கத்தில் யாரும் வெட்டி வைக்கவில்லை. மாணவருக்காக எழுதியது மாணவருக்கே புரியாமல் போனது!

இப்போது கணினிக்கு வருவோம். ஒரு சொல்லின் இரு பக்கமும் ஒற்றை நட்சத்திரம் போட்டால் என்ன அர்த்தம்? 2002இல் டீன் ஆலன் கொண்டுவந்த டெக்ஸ்டைலில் அது தடித்த எழுத்து. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அது சாய்வெழுத்து. 2007இல் வந்த கிரியோல் 1.0இல் தடிமனுக்கு இரட்டை நட்சத்திரம், சாய்வுக்கு இரட்டைச் சாய்கோடு. ஆக, பொருள் குறியில் இல்லை, விதியில் இருக்கிறது. விதி போனால் கோப்பு இருந்தும் பயனில்லை.

"மாற்றித் தர பான்டாக் மாதிரி மென்பொருள் இருக்கிறதே?" இருக்கிறது. ஆனால் டெக்ஸ்டைல் கோப்பைக் கொடுத்தால் 'இது டெக்ஸ்டைல்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளை எழுத முடிந்ததே யாரோ விதிகளை எழுதி வைத்ததால்தான்.

"மார்க்டவுன் ஒன்றே போதும்" என்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்த மார்க்டவுன்? _குடுமியான்மலை_யில் என்று எழுதிப் பாருங்கள். க்ரூபரின் பழைய நிரல் ஊர்ப் பெயரைச் சாய்த்துக் காட்டும். 2014இல் வந்த காமன்மார்க் விதிப்படி சாயாது, அடிக்கோடு அப்படியே நிற்கும். சொல்லின் நடுவே வரும் அடிக்கோடு அங்கே குறியே இல்லை. ஆங்கிலத்துக்கு இது சின்ன விஷயம். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வரும் தமிழுக்கு இது தினசரித் தலைவலி. இதையே விக்கிப்பீடியா நிரல் கவனித்துச் செய்திருக்கிறது. [[புதுக்கோட்டை]]யில் என்று எழுதினால் 'யில்' உட்பட முழுச் சொல்லும் இணைப்பாகிறது. 1995இல் வந்த முதல் விக்கியிலோ, இணைப்பு கொடுக்க இரண்டு சொற்களைப் பெரிய எழுத்துகளால் தொடங்கி ஒட்டி எழுத வேண்டும். பெரிய எழுத்தே இல்லாத தமிழ் அங்கே என்ன செய்யும்? இப்படிப் பல முறைகளை ஒப்பிட்டால்தானே நம் மொழிக்கு எது பொருந்தும் என்று தெரியும்?

இவர்கள் சிரிக்கிற செட்டெக்ஸ்டும் இன்னும் சாகவில்லை. மார்க்டவுனில் தலைப்புக்குக் கீழே கோடு போடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. காமன்மார்க் விதிநூலில் அந்தத் தலைப்பு வகைக்குப் பெயரே செட்டெக்ஸ்ட்தான்.

பழைய முறையில் எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பது ஒன்றுதான். ப்ராஜெக்ட் அறிக்கையோ பாடக்குறிப்போ, கோப்பின் முதல் வரியில் எந்த முறை, எந்த வகை என்று எழுதுங்கள். விதித்தாள் ஒன்றையும் கூடவே வையுங்கள். ஒரு நிமிட வேலை. கல்லில் வெட்டியதற்கே இந்தக் கதி என்றால், பென்டிரைவில் கிடப்பது எம்மாத்திரம்?