மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியுமாமே

சாயங்காலமானால் எண்ணூரை அடுத்த அத்திப்பட்டுப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். கைபேசி மேப் மட்டும் "நாலு நிமிஷம்" என்று சாதிக்கும். டீக்கடைக்காரர், "வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு டீ சாப்பிடுங்க சார்" என்பார். நான் டீ சாப்பிடுகிற கட்சி.

நகரத்துச் சண்டை விஷயத்திலும் இப்போது அந்த மேப்பை நம்புவது மாதிரி ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ட்ரோனும் செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து சந்துபொந்தையெல்லாம் தளபதியின் திரையில் கொண்டுவந்துவிடுமாம். தப்பான உத்தரவுக்கு இனி இடமே இல்லையாம். படித்தவர்களின் மூடநம்பிக்கை இது.

1987 அக்டோபர் 11 இரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விடுதலைப் புலிகளின் தலைமை இருப்பதாக வந்த தகவலை நம்பி, பலாலியிலிருந்து ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கியது இந்திய அமைதிப்படை. ரேடியோவை ஒட்டுக்கேட்ட புலிகள் மைதானத்தைச் சுற்றிக் காத்திருந்தார்கள். சூடுபட்ட ஹெலிகாப்டர்கள் அடுத்த நடை வரவில்லை. இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பத்தே நாளில், தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அதே அமைதிப்படை சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆஸ்பத்திரி எந்த வரைபடத்தில் இல்லாமல் இருந்தது?

"அப்போது மேலே கண் இல்லையே" என்பார்கள். 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் அமெரிக்கப் படைக்கு இருந்ததே! வேவு விமானமும் ஹெலிகாப்டர்களும் தெருவைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. "இடப்பக்கம் திரும்பு" என்று மேலே சொன்னது கட்டளை மையத்தைச் சுற்றி வண்டி ஓட்டுபவன் காதில் விழுவதற்குள், திரும்ப வேண்டிய முனை பின்னால் போய்விடும். அடுத்த முனையில் திரும்பினால் அங்கேயும் துப்பாக்கி. 18 அமெரிக்கர்கள், நூற்றுக்கணக்கான சோமாலியர்கள் என்று முடிந்தது அந்தச் சண்டை.

திரை துல்லியமாக ஆக ஆக மேலிடத்துக்குத் துணிச்சல்தான் கூடுகிறது. சந்தில் நிற்கும் ஹவில்தார் "வேண்டாம் சார்" என்றால் எடுபடுமா? எடுபடாது; திரையில் பச்சை விளக்கு எரிகிறதே.

அந்தத் திரைக்கு வரைபடம் வரைந்து கொடுப்பதும் ஆட்கள்தான். எங்கள் ஊருக்கு இது புதுசு இல்லை. 1996இன் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பளிச்சென்று இருந்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். அதே நாட்களில் மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்தார்கள், வரைபடத்தின்படி கட்டாந்தரையில்.