குழம்பிப்போனது யார்?

பெற்றோர் கூட்டமோ புத்தகக் கண்காட்சியோ, எங்கே போனாலும் ஒரு அறிவுரை தவறாமல் காதில் விழும். குழந்தைக்கு மாயாஜாலக் கதை வாங்கிக் கொடுக்காதீர்கள், எது கதை எது நிஜம் என்று தெரியாமல் குழம்பிவிடும் என்பார்கள். அதிலும் கதைக்குள் இருக்கும் ராட்சசன் புத்தகத்தை விட்டு இறங்கி நம் தெருவுக்கே வந்துவிடுகிற வகை என்றால் பதற்றம் இன்னும் ஒரு படி ஏறும். கூடவே ஒரு முத்திரையும் குத்துவார்கள்: இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது.

இரண்டுமே தப்பு. மரக்காணம் பக்கம் ஒரு கோடையில் போய்வந்தால் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் இந்தக் கரையும், மேற்கே திண்டிவனம், செஞ்சி வரை நீளும் வட்டாரமும் திரௌபதி அம்மன் கோயில்களின் சீமை. செஞ்சியை மையமாக வைத்து இந்த வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988, 1991 ஆண்டுகளில் இரண்டு பெரிய தொகுதிகளே எழுதினார். உப்பு வாரும் கோடைதான் ஊர்களில் பாரதம் நடக்கும் காலமும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பகாசூரனைக் கொல்லக் கிளம்பும் பீமன் வீட்டுக்கு வீடு சோறு வாங்கிக்கொண்டு வண்டியில் தெருவைச் சுற்றுவான். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். கதாபாத்திரம் ஏட்டை விட்டு இறங்கி ஊருக்குள் வருவது என்றால் வேறென்ன?

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை மறந்துவிடக் கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து அஸ்தினாபுரத்து ராஜா ஆடி வருவார். இவனோ உள்ளூர்ப் பேச்சில் அவரை வழிமறித்து, நீ யாரப்பா என்று விசாரிப்பான். ரேஷன் கடை, பஸ் வராத ரோடு, முன்வரிசையில் தூங்கும் பெரியவர் எல்லாம் அவன் வாயில் பாரதத்துக்குள் வந்துவிடும். ஐரோப்பாவில் இதை ஒரு கதை உத்தி என்று பாடமாக நடத்துகிறார்கள். இங்கே அது கோமாளியின் அன்றாட வேலை.

இத்தனையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் குழம்பினார்களா? கூத்து தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று பாருங்கள். வேஷம் கட்டும் கொட்டகையைச் சுற்றித்தான். அரிதாரம் பூசுவதையும், கட்டைக் கிரீடத்தைக் கயிற்றால் இறுக்குவதையும், துரியோதனன் ஓரமாய்ப் போய் பீடி பற்றவைப்பதையும் பார்த்துவிட்டு வந்து, அதே துரியோதனன் உறுமும்போது பாட்டி மடியில் முகம் புதைப்பார்கள். தெரிந்தும் பயப்படுவதுதான் அந்த வயதின் திறமை. அருள் வந்து ஆடுவதும், திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவதும் பெரியவர்கள்.

பக்தி வேறு விஷயம் என்று சிலர் சொல்லலாம். சரி, ஓட்டுக்கு வருவோம். தூர்தர்ஷனில் 1987இல் தொடங்கிய ராமாயணத் தொடரில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991இல் குஜராத்திலிருந்து மக்களவைக்குப் போனார்கள். ஒரே கட்சியில் நின்ற ராவணனையும் சீதையையும் ஜெயிக்கவைத்த வாக்காளர்களில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. நிஜ உலகில் பெரியவர்கள் கிழிக்கும் கோட்டின் லட்சணமும் தெரிந்ததுதான். விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வருவதைத் தடுத்த தகராறு முற்றி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டிவந்தது.

ஆய்வும் பிள்ளைகள் பக்கம்தான் நிற்கிறது. டீனா ஸ்கோல்னிக், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பேட்மேனைப் பொறுத்தவரை ஸ்பாஞ்ச்பாப் நிஜமா என்று சின்னக் குழந்தைகளிடம் கேட்டார்கள். இல்லை, அவனுக்கும் அது கற்பனைதான் என்றன குழந்தைகள். கதையை நிஜத்திலிருந்து மட்டுமா, ஒரு கதையை இன்னொரு கதையிலிருந்தும் பிரித்து வைத்திருக்கின்றன.

எதிர்த்தரப்பு டிவி நாயகன் சக்திமானைக் காட்டும். 1997இல் தொடங்கிய அந்தத் தொடரைப் பார்த்து, காப்பாற்ற வருவான் என்று நம்பிச் சிறுவர்கள் ஆபத்தைத் தேடிக்கொண்டதாகச் செய்திகள் பரவியது உண்மை. அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ஆனால் கூத்துத் திடலில் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தாள். கேள்வி கேட்க முடிந்தது. டிவி முன்னால் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தது. கதையைப் பறிப்பது அதற்கு மருந்தாகாது, கூட உட்கார வேண்டும்.

பாத்திரம் புத்தகத்தை விட்டு இறங்கிவரும் கதையின் இயக்கமே எல்லையை அறிந்த வாசகரை நம்பித்தான். ஜெர்மானிய எழுத்தாளர் கொர்னேலியா ஃபுங்கே 2003இல் எழுதிய ‘இங்க்ஹார்ட்’ நாவலில் ஒரு அப்பா உரக்கப் படித்தால் பாத்திரங்கள் வெளியே வந்துவிடுவார்கள். பதிலுக்கு அவர் மனைவி புத்தகத்துக்குள் போய்விடுகிறாள். புத்தகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு என்று தெரியாத பிள்ளைக்கு இதில் திகிலும் இல்லை, ருசியும் இல்லை. பீமன் மரக்காணத்து அளத்தில் இறங்கி உப்பு வாரினால் கூலி என்ன, கால் வெடிக்காதா, மழை வந்து பாத்தி கரைந்தால் அன்றைக்குச் சோறு யார் போடுவார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நிஜத்தைத்தான் கேட்கிறது. கற்பனை வழியே நிஜத்துக்குப் போவது இப்படித்தான். அகழாய்வு நடந்த கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய சிறுவர் நாவல் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. தொல்லியல் பாடம் தொடாத இடத்தை ஒரு பொம்மை தொட்டுவிடுகிறது.

கற்பனைக் கதைக்கு அஞ்சிய பெரியவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. பெத்ரோகிராடு தெருவில் முதலை நடந்துபோகும், ரஷ்யக் கவிஞர் சுகோவ்ஸ்கியின் பாட்டைக் கண்டித்து, லெனினின் மனைவி குரூப்ஸ்காயா 1928இல் ‘பிராவ்தா’வில் எழுதினார். ரஷ்யப் பிள்ளைகள் இன்றும் அந்த முதலையைப் படிக்கிறார்கள்.

இந்த மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளை மீட்க அரசு பிடித்த வழி மாலை நேரத்துக் கதையும் பாட்டும் விளையாட்டும். பிறகு வந்த வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. தனியார் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற பெற்றோரோ, தங்கள் பிள்ளையின் பள்ளி நூலக அலமாரியில் பொது அறிவுக் கையேடுகளுக்கு நடுவே கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது, அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும்.