இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு யார் துணை?

தத்தெடுத்த குடும்பத்துக்கு நம் நாட்டுச் சட்டம் அளிக்கும் துணை, பிள்ளை கேள்வி கேட்கும் வயதை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, குழந்தை புதிய வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, 6 மாதங்களுக்கு ஒருமுறை தத்தெடுப்பு முகமை தொடர் அறிக்கை அளிக்க வேண்டும். கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பியிராது. தத்து என்பதன் மறுபக்கத்தில் ஓர் இழப்பும் இருக்கிறது என்பது பிள்ளைக்கு விளங்கத் தொடங்குவது பள்ளிப் பருவத்தில்தான் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கியின் ஆய்வுகள் உணர்த்துகின்றன. "பெற்றவள் என்னை ஏன் வேண்டாமென்று விட்டாள்?" என்ற கேள்வி அப்போது எழுகிறது.

அந்நாளில் பெற்றோர் நாடிச் செல்வது பள்ளி ஆற்றுப்படுத்துநரை. அல்லது மருத்துவமனை உளவியலாளரை. அங்கே நீட்டப்படும் முதல் படிவமோ, கருவுற்றிருந்த காலத்தில் தாயின் உடல்நிலை, சுகப்பிரசவமா, பிறந்தவுடன் குழந்தை அழுததா, குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் உண்டா என்று வினவுகிறது. பிள்ளை அருகிலேயே அமர்ந்திருக்கிறது. தாய் எதைச் சொல்வாள்?

இதற்குத் தனிமனிதரைக் குறைகூறிப் பயனில்லை. நாம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பௌல்பியின் பற்றுறவுக் கோட்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர், காப்பகத்திலிருந்து வந்த சிறுமி தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்துவைப்பதை 'நடத்தைக் கோளாறு' என்று எழுதிவிடக்கூடும். மறுபுறம், கணக்கு வராத பிள்ளையின் கற்றல் குறைபாட்டை ஆராயாமல், "தத்துப்பிள்ளை அல்லவா" என்று முடித்துவிடுவதும் அதே அறியாமைதான்.

ஆண்டுக்குச் சில ஆயிரம் தத்தெடுப்புகளுக்காகத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சில ஆயிரம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் உறவினருக்குள் நடைபெறும் தத்துகளுக்கோ இத்தகைய தொடர் கண்காணிப்பே கிடையாது.

நான் வேண்டுவது புதிய பட்டப்படிப்பு அன்று. மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணிப் பாடத்திட்டங்களில் ஓர் அலகும், முகமையொன்றில் சில வாரக் களப்பயிற்சியும் போதும். பெற்றோரை முதலில் தனியே சந்திப்பது, உண்மையை வயதுக்கேற்பச் சொல்லும் முறை, வேர்களைத் தேடும் பிள்ளையின் உரிமைக்கும் பெற்றவரின் அந்தரங்கத்துக்கும் விதிகள் வகுத்துள்ள எல்லை ஆகியவற்றை அங்கே கற்பிக்கலாம்.

படிவத்தைத் திருத்துவதற்கு அதுவும் வேண்டியதில்லை. "தெரியவில்லை" என்று தலைகுனியாமல் எழுத ஒரு கட்டத்தை நம் துறைகள் நாளையே சேர்த்துவிடலாம்.