விலை சொல்லும் மேடை

கூச்சப்படுகிறவனைக் கோழை என்று பரிகசிப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆத்திரம் வரும். அண்மையில் ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது கொட்டுகிறேன், வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு கல்யாண மண்டபம். வாசலில் 'சுயம்வரம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே மேடை, ஒலிபெருக்கி, நாற்காலிகள் நிறையப் பெற்றோர்கள். ஒரு வாலிபர் மேடையேறினார். பெயர், நட்சத்திரம், குலம், மாதச் சம்பளம், சொந்த வீடு உண்டா இல்லையா என்று வரிசையாக ஒப்பித்தார். சம்பளத்துக்கு வரும்போது குரல் நடுங்கிற்று. "தைரியமாச் சொல்லு தம்பி, ஆம்பளைதானே!" என்றார் விழா நடத்திய கனவான். சபை சிரித்தது.

அடுத்து ஒரு பெண். அவள் வாயே திறக்கவில்லை, தகப்பனார் பேசினார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அடக்கமான பொண்ணு" என்று எனக்குப் பின்னாலிருந்த அம்மாள் மெச்சிக்கொண்டாள். கூச்சம் அவனுக்குக் குற்றமாம், அவளுக்கு லட்சணமாம்!

இதற்கா சுயம்வரம் என்று பெயர்? வில் ஒடிவதற்கு முன்பே, மிதிலை வீதியில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டான் கம்பன். வால்மீகியில் அந்தக் காட்சி கிடையாது. கம்பன் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த வாலிபர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புதிதாகப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் இயந்திரத்தைக் காட்டிக் கொடுப்பவரே அவர்தானாம்.

"அங்கே குரல் நடுங்குமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஸார் நடுங்கணும்? அங்கே மெஷினைப் பத்திப் பேசறோம். இங்கே என்னையே இல்லே விலை சொல்லிக்கிட்டிருக்கேன்!"

இவருக்கா தைரியமில்லை? எண்பதுகளில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இந்த ஊரில் உருவாகத் தொடங்கிய நாள் முதல், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தே வளர்ந்த ஊர் இது. அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருக்கின்றன. இன்று செல்பேசி உறுப்புகள் செய்யும் ஆலையில், எங்கெங்கோ மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். பாஷை தெரியாத ஊருக்குத் தனியே ரயிலேறி வந்த பெண்ணுக்கு எந்த மேதாவி தைரியம் கற்றுக்கொடுக்கப் போகிறார்?

மண்டபம் வேண்டாமென்றால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு, மணமாகாதவர்களை எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். சில நிமிஷம் ஒருவர், மணியடித்தால் அடுத்தவர். 1998-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் யாகோவ் டேயோ என்ற யூத மதகுரு தொடங்கி வைத்த ஏற்பாடு இது. யூதப் பிள்ளைகள் யூதர்களையே மணக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. நம் மண்டபத்துக் கனவானும் அவரும் சந்தித்தால் கூச்சமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள்! இந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார், புன்னகை செய் என்று உபதேசம் வேறு. தன் புன்னகையையே கவனித்துக்கொண்டிருப்பவனுக்கு எதிரே இருக்கிறவளின் முகம் எப்படித் தெரியும்? மனிதனுக்குத் தன் நினைப்பு அகன்ற இடத்தில்தான் தைரியம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூச்சம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி, பயம். 2018 நவம்பரில், ஓசூரை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த, சாதி கடந்து மணந்துகொண்ட இளம் தம்பதியரின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் மிதந்தன. பெண்ணின் தகப்பனாரும் உறவினரும் கைதானார்கள். இந்த மண்ணில் ஒரு பெண் அந்நிய ஆடவனிடம் சிரித்துப் பேசத் தயங்கினால், அது அவள் சுபாவத்தின் கோளாறா? இருபது வருஷம் 'பேசாதே, பார்க்காதே' என்று வளர்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'பேசு, பார்' என்று மேடையில் தள்ளுகிறோம். நடுங்காவிட்டால்தான் அதிசயம்.

ஆகவே, கனவான்களே, அந்த ஒலிபெருக்கியை அணையுங்கள். சம்பளமும் குலமும் சொல்லச் சொல்லாதீர்கள். வந்தவர்களிடம் ஏதாவது வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் விலகிப் போங்கள்.

நான் சும்மா சொல்லவில்லை. அன்று பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை. மேடையில் வாய் திறக்காமல் நின்ற அதே பெண் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் இலைக்கு வந்ததும், "கொஞ்சம் தெளிவா ஊத்துங்க" என்றார் வாலிபர்.

"தெளிவெல்லாம் முதல் பந்திக்கே தீர்ந்துபோச்சு. இனிமே வண்டல்தான்!" என்றாள் அவள்.

"அப்போ வண்டலே போதும்" என்றார் அவர். குரல் நடுங்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள், கரண்டியைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் தகப்பனார் கூப்பிட்டுவிட்டார்.