வீட்டுப் பள்ளிக்கூடம்

குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பெற்றோரே பாடம் சொல்லிக் கொடுப்பது என்கின்ற ஒரு முறை, நமது பட்டணங்களில் படிப்பும் வசதியும் உள்ள சிலரிடையே இருந்து வருகின்றது. இதைப்பற்றி எழுத நேரிடும் என்று நாம் நினைத்ததில்லை. ஏனெனில் நமது வாசகர்களில் பெரும்பாலோர், தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டச் செய்வதற்கே தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்களின் சந்ததியார் ஆவார்கள். ஆனால் சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வந்த ஒரு தோழர் கேட்ட கேள்வி, இதை எழுதும்படி செய்துவிட்டது.

அத்தோழர் ஒரு நெசவுத் தொழிலாளி. அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் ஒரு உபாத்தியாயர் பிள்ளைகளைச் சரஸ்வதி பூஜைக்குப் பாட்டுப் பாடச் சொல்ல, இக்குழந்தை “எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில்லை” என்று சொல்லியிருக்கிறது. அதற்காக அதனை வாசலில் நிறுத்தி, “உங்கள் ஜாதிக்குப் படிப்பு வந்ததே பெரிது, இதில் நாஸ்திகம் வேறா?” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரில் கேட்டாராம். குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். “ஐயா, என் சம்சாரம் பி.ஏ. படித்தவள். இந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம், இந்த அவமானமும் வேண்டாம். வீட்டிலேயே வைத்துப் பகுத்தறிவோடு வளர்த்துவிடலாம் என்று பார்க்கிறோம். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்றார் தோழர்.

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆதலால் இதிலுள்ள நன்மை தீமை இரண்டையும் தராசில் வைத்தே பார்ப்போம்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஒரு உபாத்தியாயர் நாற்பது பிள்ளைகளை ஒரே ஏரில் பூட்டி ஓட்டுவதைவிட, ஒரு தாயோ தகப்பனோ ஒரு பிள்ளையின் போக்கறிந்து சொல்லிக் கொடுப்பது மேலானதுதான். மந்தமான பிள்ளை அவமானப்படாது. சூட்டிகையான பிள்ளை காத்துக் கிடக்காது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருந்தும், பிரம்பும் வசைமொழியும் எல்லாப் பள்ளிகளையும் விட்டுப் போய்விட்டதாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு ஆதிதிராவிட மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள் என்றால், பள்ளிக்கூடத்திற்குள் ஜாதி எவ்வளவு தூரம் புகுந்திருக்கின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அதன் பிறகே சர்க்கார், நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு விசாரித்து, 2024-இல் அறிக்கை பெற்றார்கள்.

வீட்டில் படித்தால் பரீட்சைக்கு வழியில்லையே என்று சொல்வதற்கும் இடமில்லை. 1989-இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பரீட்சை எழுதலாம். கடுமையான ஊனமுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை 2012-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வீட்டுப் படிப்பு அவசியமானால், அதை நாம் முழு மனதோடு ஆதரிக்கின்றோம்.

“பெரியார் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் படித்தார்?” என்று கேட்பவர்களும் உண்டு. மிகச் சில வருஷங்களே என்பது உண்மைதான். நாமும் பெரிய படிப்புப் படித்தவரல்லர். வாசகசாலைப் பெஞ்சியிலும் கூட்ட மேடையின் ஓரத்திலும் பொறுக்கிச் சேர்த்ததே நமது அறிவு. ஆனால் பெரியார் படித்தது வீட்டு மூலையில் அல்ல. ஈரோட்டு மண்டியில், பல ஜாதி, பல மதத்து ஜனங்கள் வந்து போகும் கடைவீதியில் அவர் படித்தார். எதிர்த்துப் பேச ஆள் இருந்த இடத்தில் படித்தார். அன்றியும், ஒரு பெரியார் பள்ளியில்லாமல் உண்டானார் என்பதற்காக, பள்ளியில்லாமல் தற்குறிகளாகவே மாண்டுபோன லட்சக்கணக்கானவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா?

நிற்க, இனித் தீமையைப் பார்ப்போம்.

வீடு, வீடு என்கிறோமே, நமது நாட்டில் வீடு என்பது என்ன? ஜாதி குடியிருக்கும் இடமே வீடு. குழந்தைக்கு இன்னாரைத் தொடாதே, இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்று முதல் பாடம் நடப்பது வீட்டில்தான். பெண்ணென்றால் அடக்கம், ஆணென்றால் அதிகாரம் என்று அடுத்த பாடமும் அங்கேயேதான் நடக்கின்றது. ஆயிரத்தில் ஒரு வீடு நமது தோழர் வீட்டைப்போல் பகுத்தறிவு வீடாக இருக்கலாம். மற்ற 999 வீடுகளின் கதி என்ன? நாம் ஒரு முறையை நல்லதென்று சொன்னால் அது எல்லோருக்கும் பொதுவாகத்தானே ஆகும்? “என் பிள்ளைக்கு நான் பகுத்தறிவைச் சொல்லிக் கொடுப்பேன்” என்று நாம் கேட்கும் அதே சுதந்தரத்தை, “என் பிள்ளைக்கு நான் மனுதர்மத்தைச் சொல்லிக் கொடுப்பேன்” என்கின்றவனும் கேட்பானா, மாட்டானா?

கேட்டார்கள், கிடைத்தும் விட்டது. நாம் மேலே சொன்ன அதே 2012-ஆம் வருஷத்துத் திருத்தம், வேத பாடசாலைகளுக்கும் மதரசாக்களுக்கும் மதபோதனையே முக்கியமான மற்ற ஸ்தாபனங்களுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் செல்லாது என்று விலக்குக் கொடுத்திருக்கின்றது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் உரிய கல்வி என்று முழங்கிய சட்டம், மதத்தின் வாசலைக் கண்டதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கின்றது!

இன்னொரு சங்கதியையும் நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் சென்னை முதல் மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வீடே பள்ளிக்கூடம், தகப்பனே குரு என்பதுதானே அதன் தத்துவம்? கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் வண்ணான் வீட்டில் என்ன பாடம் நடக்கும்? வெளுப்பு. சக்கிலியன் வீட்டில்? செருப்பு. வக்கீல் வீட்டில்? சட்டம். அதனால்தான் நமது இயக்கம் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. அடுத்த வருஷமே ஆச்சாரியார் பதவி விலக, காமராஜர் அதை எடுத்தெறிந்தார். இன்றைய வீட்டுப் படிப்புக்காரர்கள் குலத்தொழிலைச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனாலும் வீட்டில் உள்ளதைத்தானே வீடு கொடுக்க முடியும்? புத்தகமுள்ள வீடு புத்தகத்தைக் கொடுக்கும்; தறியுள்ள வீடு தறியைக் கொடுக்கும்; ஒன்றுமில்லாத வீடு என்னத்தைக் கொடுக்கும்?

அடுத்தபடியாகச் சோற்றுப் பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரன்மாதேவிக் குருகுலம் சர்க்கார் பள்ளிக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தருவதற்கென்று வ.வே.சு. அய்யரால் நடத்தப்பட்டது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு நடந்ததும், அதைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1924–25-இல் எதிர்த்ததும் சரித்திரம். அதற்கு முன்பே, 1920-இல், பி. தியாகராயர் தலைமையில் சென்னை நகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்துவிட்டது. அது 1956-இல் காமராஜரால் பெருகி, 1982-இல் எம்.ஜி.ஆரால் விரிந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியுமாயிற்று. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் தினமும் ஒரே உலையில் வெந்ததை உண்பதற்கு இந்தப் பந்தியைப்போல் வேறொரு இடம் உண்டா? எந்த வீட்டில் அப்படிப்பட்ட பந்தி உண்டு?

“அங்கும் ஜாதி இருக்கின்றதே” என்பீர்கள். இருக்கத்தான் இருக்கின்றது. 2023-இல் கரூர் மாவட்டத்தில், ஆதிதிராவிடப் பெண் சமைக்கிறாள் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளைக் காலைச் சிற்றுண்டி உண்ண விடவில்லை. ஆனால் கலெக்டரே நேரில் போய் அந்தச் சோற்றை உண்டு, சட்டம் இன்னதென்று எடுத்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நடந்ததால்தான் கலெக்டர் போக முடிந்தது. அதே பெற்றோர் தங்கள் வீட்டுத் திண்ணையில் அதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தால் எந்தக் கலெக்டர் போய்க் கேட்க முடியும்? பள்ளிக்கூடத்தின் தப்பிதத்தைக் கேட்க ஒரு வாசல் உண்டு. வீட்டின் தப்பிதத்திற்கு வாசல் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். நமது தராசில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கனப்பது இதுவேயாகும்.

இது ஒருபுறமிருக்க, வீட்டில் சொல்லிக் கொடுப்பது யார்? தகப்பனா? பெரும்பாலும் தாயே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நமது தோழர்கூட, “நான் சொல்லிக் கொடுக்கிறேன்” என்று சொல்லவில்லை, “என் சம்சாரம் பி.ஏ. படித்தவள்” என்றுதான் சொன்னார். அந்த அம்மாள் பி.ஏ. படித்தது எதற்காக? சமையற்கட்டோடு சம்பளமில்லாத உபாத்தியாயர் வேலையையும் தலையில் சுமப்பதற்கா? பெண்ணை வீட்டுக்கு வெளியே கொண்டுவர ஒரு நூற்றாண்டாகப் பிரசாரம் செய்த நாம், பகுத்தறிவின் பேராலேயே அவளையும் அவள் மகளையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டலாமா?

இவையெல்லாம் வெறும் வாதம் என்று தோன்றினால், நேரில் கண்ட அனுபவத்தையே கேளுங்கள். கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் 1 வரை, ஏறக்குறைய 19 மாதம், நமது நாட்டில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எல்லா வீடும் பள்ளிக்கூடமாயிற்று. கைப்பேசியும், தனி அறையும், படித்த தாயும் உள்ள பிள்ளை எப்படியோ தப்பியது. இவை இல்லாத பிள்ளை படித்த எழுத்தையும் மறந்தது. சில பிள்ளைகள் வேலைக்குப் போயின. சில பெண் குழந்தைகளுக்குத் தாலியும் ஏறிற்று. விட்டுப்போனதைச் சரிக்கட்டுவதற்கென்றே 2021-இல் சர்க்கார் “இல்லம் தேடிக் கல்வி” என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியதாயிற்று.

வெளிநாட்டார் சங்கதி என்னவென்றால், ஜெர்மனி வீட்டுப் படிப்பைப் பொதுவில் அனுமதிப்பதில்லை. 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அமெரிக்காவிலோ தாராளமாக அனுமதிக்கிறார்கள். 2016-ஆம் வருஷக் கணக்கில் அங்கே நூற்றுக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வீட்டில் படித்தார்கள். அங்கே 1972-இல் ஆமிஷ் என்கின்ற மதக்கூட்டத்தார், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று வழக்காடி ஜெயித்தார்கள். அந்த வழக்கில் டக்ளஸ் என்கின்ற நீதிபதி மட்டும், பெற்றோர் அபிப்பிராயம் கேட்டீர்கள், பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டாமா என்கின்ற கருத்தில் மாறுபட்டு எழுதினார். இது எவ்வளவு யோக்கியமான கேள்வி! பிள்ளை தகப்பனுக்குச் சொந்தமான ஆடோ மாடோ அல்லவே?

அவமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பேத்கர் பள்ளியில் தனியாகக் கோணியில் உட்கார்ந்தார். தண்ணீர்ப் பானையைத் தொட அவருக்கு உரிமையில்லை. அவர் பள்ளியை விட்டுவிடவில்லை. சாவித்திரிபாய் புலே அம்மையார் கணவரிடம் வீட்டில்தான் எழுத்துப் படித்தார். ஆனால் அந்தப் படிப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல், 1848-இல் புனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பிக்கப் புறப்பட்டார். தெருவில் சாணியும் கல்லும் அவர்மேல் எறிந்தார்கள். அந்த அம்மையாரும் பின்வாங்கவில்லை. அதற்காகக் குழந்தைகள் அவமானத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவமானத்தோடு சண்டையிட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே. அதை விட்டுவிட்டுக் குழந்தையை ஒளித்து வைத்தால், வாசலில் நிறுத்தியவர் ஜெயித்தவராகிறார். அடுத்த குழந்தையையும் அதே வாசலில் நிறுத்துவார்.

ஆகவே, அன்று அத்தோழரிடம் இரண்டு காரியம் சொன்னோம். ஒன்று, வீட்டுக்குப் போய்க் குழந்தையையே கேளுங்கள் என்பது. மற்றொன்று, தனியாகப் போகாமல் நாலு பேரோடு போய் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள் என்பது. சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னோம். பதினைந்து நாள் கழித்துத் தோழர் வந்தார். குழந்தையைக் கேட்டதற்கு, “நான் ஏன் நிற்க வேண்டும்? என் கூட்டாளிகள் எல்லாம் அங்கேதானே இருக்கிறார்கள்?” என்றதாம். புகாரின்மேல் தலைமையாசிரியர் அந்த உபாத்தியாயரைக் கூப்பிட்டுக் கண்டித்தாராம். தோழரின் துணைவியார் அடுத்த குழுத் தேர்தலுக்கு நிற்பதாக இருக்கிறார். பி.ஏ. படிப்புக்கு இது ஏற்ற வேலை என்பது நமது அபிப்பிராயம்.

தோழர்களே! இரவில் உங்கள் வீடு பள்ளிக்கூடமாக இருக்கட்டும். பிள்ளைக்கு “ஏன்? எதற்காக?” என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பகலில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அது பொதுப் பள்ளிக்கூடத்திற்குப் போகட்டும். பள்ளிக்கூடம் கெட்டுப்போயிருந்தால் அதைத் திருத்துவது நமது வேலை. அது நமது வரிப்பணம், நமது சொத்து. நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் பகுத்தறிவைக் கொண்டு ஆலோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.