தட்டும் முன் தாளில் போடுங்கள்



கணிப்பொறி அறையில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் தட்டையான பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஸ்விட்ச் என்றே பெயர். நம் தேவைக்கேற்ப அமைப்புகளை மாற்றக்கூடிய வகையை மேனேஜ்டு ஸ்விட்ச் என்பர். அதற்கு ஐ.பி. முகவரி கொடுப்பதைத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்பும் வேலையாகவே பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அது ஒரு கணக்கு. கணக்கைப் போட்ட பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும் என்பேன்.

ஸ்விட்சுக்கு முகவரி எதற்கு? தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு அவருடைய சொந்த விலாசம் தேவையில்லை. அவருக்கே கடிதம் எழுத வேண்டுமானால் தேவை. ஸ்விட்சும் அப்படியே. கணிப்பொறிகளின் 48 பிட் மேக் முகவரியைப் பார்த்தே அது செய்திகளைப் பிரித்து அனுப்புகிறது. தொலைவிலிருந்து நாம் அதனுடன் பேசுவதற்குத்தான் ஐ.பி. முகவரி.

1981இல் வகுக்கப்பட்டு இன்றும் பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பில் இம்முகவரி 32 பிட்டுகள் கொண்டது. எட்டெட்டாகப் பிரித்து, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களாக எழுதுகிறோம். இதில் தெரு எது, வீட்டு எண் எது என்று பிரித்துக் காட்டுவது சப்நெட் மாஸ்க். மாஸ்க்கில் 1 உள்ள இடங்கள் தெரு. 0 உள்ள இடங்கள் வீடு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் ஸ்விட்சுக்கு 192.168.10.2 என்ற முகவரியைச் சரியாகவே கொடுத்தார். ஆனால் மாஸ்க்கை 255.255.255.0 என்று கொடுக்காமல், எங்கோ கண்ட 255.255.255.240 என்று தட்டிவிட்டார். வெளித்தெருவுக்கு வழிகாட்டும் கேட்வேயின் கட்டத்தையும் வெறுமையாக விட்டார். மறுகணமே, 192.168.10.20 என்ற அவருடைய கணிப்பொறிக்கு ஸ்விட்ச் பதில் தரவில்லை. ஆனால் அறையிலிருந்த கணிப்பொறிகள் ஒன்றோடொன்று வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன! பெட்டி பழுதாகிவிட்டதென்றே அவர் எண்ணினார்.

தாளில் போட்டுப் பார்ப்போம். இரும எண்ணில் 240 என்பது 11110000. கணிப்பொறியின் 20 என்பது 00010100. இலக்கத்துக்கு இலக்கம் பெருக்கினால் 00010000, அதாவது 16. ஸ்விட்சின் 2 என்பது 00000010, பெருக்கினால் 0. பதினாறும் பூஜ்யமும் வெவ்வேறு தெருக்கள் அல்லவா? கேட்பவர் வெளித்தெருக்காரர் என்று ஸ்விட்ச் முடிவு செய்தது. வழிகாட்டக் கேட்வேயும் இல்லை. பதில் எப்படி வரும்?

கன்சோல் கம்பியை நேரே பெட்டியில் செருகித் திருத்தினோம். அந்தப் பெட்டி வேறொரு கட்டடத்தில், பூட்டிய அறைக்குள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

"முகவரியைத் தானே வழங்கும் டி.எச்.சி.பி. முறை இருக்கிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். உங்கள் கணிப்பொறிக்கு அது நல்ல முறைதான். ஆனால் அம்முறையில் முகவரி மாறக்கூடும். ஸ்விட்சைத் தேடிப் போகும்போது அது வீடு மாறியிருந்தால் யாரிடம் விசாரிப்பது? ஆகவே அதற்கு நிலையான முகவரியே ஏற்றது. டி.எச்.சி.பி. வழங்கும் எண்களுக்கு வெளியே அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் ஒரே எண்ணுக்கு இருவர் உரிமை கொண்டாடுவர்.

முகவரி, மாஸ்க், கேட்வே ஆகிய மூன்றையும் முதலில் தாளில் எழுதுங்கள். ஒரே தெருவா என்று பெருக்கிப் பாருங்கள். பிறகு தட்டுங்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையும் மறவாமல் மாற்றிவிடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். பிறர் சொன்ன எண்ணைத் தட்டுபவருக்கும், ஏன் அந்த எண் என்று அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பத்து நிமிடந்தான்.

இறுதியாக ஒரு கணக்கு: அந்த மாணவர் தவறுதலாக 255.255.255.224 என்று தட்டியிருந்தால் அவருக்குப் பதில் கிடைத்திருக்குமா? அவருடைய கணிப்பொறியின் கடைசி எண் 20 ஆக இல்லாமல் 40 ஆக இருந்திருந்தால்? தாளை எடுங்கள்.